எண்ணாம எழுதின மூச்சு

இத நம்புங்கன்னு நான் யார்கிட்டயும் கெஞ்சப் போறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இதுல வர்ற மணி, நிமிஷம், நம்பர் எதையும் நான் கூட்டியும் எழுதல, கொறச்சும் எழுதல. கூட்டிக் கொறச்சு எழுதினதாலதான் இவ்வளவும் நடந்துச்சு.

பேய்னா நடுராத்திரி, வெள்ளப் பொடவ, தூரத்துல நாய் ஊளை இதெல்லாம் இருக்கும்னு நெனச்சு உக்காந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. எனக்கு நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. முப்பத்திரெண்டு பெட் இருந்த வார்டுல. எல்லா லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுட்டு இருந்துச்சு.

அந்த வருஷம் ஒரு நெஞ்சு ஜொரம் பரவிச்சு. வைரஸ்னாங்க. மொதல்ல சளி, அப்புறம் இருமல், அப்புறம் மூச்சு வாங்கும். பாதிப் பேர் அஞ்சாறு நாள்ல எழுந்து நடந்து போயிடுவாங்க. சில பேர் காலைல டீ கேப்பாங்க, சாயங்காலம் பெட் காலியா இருக்கும். யார் எழுந்து போவாங்க, யார் போய்ச் சேருவாங்கன்னு பாத்தா தெரியாது. அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. வார்டு ஆளுங்க எங்க கையில ஒரு டேப் இருக்கும், அகலமான செல்ஃபோன் மாதிரி. நோயாளியோட வயசு, ஜொரம், நாடி, பிரஷர், ஆக்சிஜன், நிமிஷத்துக்கு எத்தன மூச்சு, பேச்சு தெளிவா இருக்கா, இதெல்லாம் அதுல அடிச்சா அது ஒரு மார்க்கு போடும். இந்த ஆள் சாகறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு. பச்சைன்னா பயமில்ல. மஞ்சள்னா கவனிக்கணும். செவப்புன்னா உடனே மேல் மாடி ஐ.சி.யூ. அங்க மொத்தமே எட்டு பெட்தான். செவப்பு இல்லாம யாரும் ஏற முடியாது.

நாங்க அந்த டேப்புக்கு வெச்ச பேரு ஜோசியர். "பதினஞ்சாம் பெட்டுக்கு ஜோசியர் என்ன சொல்றாரு?" "ஆயுசு கெட்டின்னு சொல்றாரு." இப்படித்தான் பேசிப்போம். சிரிப்போம்.

ஜொரத்துக்கு மெஷின் இருக்கு. ஆக்சிஜனுக்கு வெரல்ல மாட்டற கிளிப் இருக்கு. மூச்சுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாது. நோயாளி நெஞ்சப் பாத்து, கடிகாரத்தப் பாத்து, ஒரு முழு நிமிஷம் நின்னு எண்ணணும். முப்பத்திரெண்டு பேருக்கு முப்பத்திரெண்டு நிமிஷம் சும்மா நிக்கணும். யாரும் நிக்க மாட்டோம். ஒரு பார்வ பாத்துட்டு பதினெட்டுன்னு போட்டுடுவோம். பதினெட்டுங்கறது நல்ல நம்பர். அதிகமும் இல்ல, கம்மியும் இல்ல. யார் ஆரம்பிச்சு வெச்சாங்கன்னு தெரியாது. நான் வேலைக்குச் சேரும்போதே வார்டுல எல்லாருக்கும் பதினெட்டுதான்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. முப்பதுக்கு மேல அடிச்சா டேப் விடாது. கால்மணி நேரம் கழிச்சு திரும்ப எண்ணணும். ஒரு ஃபாரம் ரொப்பணும். மேல இருந்து டாக்டர் எறங்கி வர்ற வரைக்கும் அங்கயே நிக்கணும். நாலு மணி ரவுண்டுல அப்படி ஒண்ணு மாட்டுச்சுன்னா அஞ்சு பத்துக்குக் கெளம்பற வேன் போயிடும். எங்கள ரூமுக்குக் கொண்டு போற வேன் அது ஒண்ணுதான். விட்டா ஒண்ணேகால் மணி நேரம் நடக்கணும்.

என்கூட ரவுண்டு வந்தவன் பேரு ஸ்பீடு. நாங்க வெச்ச பேரு. முப்பத்திரெண்டு பெட்டயும் இருபது நிமிஷத்துல முடிச்சுடுவான். ஒரே ரூம்ல மூணரை வருஷமா இருந்தோம். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். எனக்கு ஒடம்பு சரியில்லாதப்ப என் துணியையும் தொவச்சுப் போட்டவன். ஊர்ல எனக்கு அம்மா, அக்கா இருக்காங்க. ஆனா இங்க எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

ஜொர வார்டுல ஆம்பள பொம்பளன்னு பிரிவு கெடையாது. பதினோராம் பெட்ல ஒரு அம்மா வந்து சேந்தாங்க. அம்பத்தெட்டு வயசு. இருபத்தாறு வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவங்க. கண்டக்டரம்மான்னே கூப்பிட்டோம். மூச்சு வாங்கிக்கிட்டே வாய் அடிப்பாங்க. நான் கிளிப் மாட்டும்போது, வெரல குடுத்துட்டு சில்லறை இருக்கான்னு கேப்பாங்க. பக்கத்து பெட் ஆளுங்ககிட்ட, உள்ள தள்ளிப் படுங்க, இன்னும் ஆள் ஏறணும்னு சொல்லுவாங்க. சொந்தம்னு யாரும் வந்து நான் பாக்கல.

அவங்க வந்த மூணாவது நாள், ஒரு வியாழக்கெழம. மணி நாலு பன்னெண்டு. நான் கிளிப் மாட்டறேன், ஸ்பீடு டேப்ல அடிக்கறான். மூக்குல ஆக்சிஜன் குழா இருந்ததால கிளிப் தொண்ணூத்தி நாலு காட்டுச்சு. ஜொரம் கம்மி. நாடியும் பரவால்ல. ஸ்பீடு பெட்ட நிமிந்தே பாக்காம பதினெட்டு அடிச்சான். பச்சை.

கண்டக்டரம்மா அவன் வெரலையே பாத்துட்டு இருந்தாங்க.

"எண்ணவே இல்லையேப்பா நீ."

உங்க மூச்சு கண்ணாலயே தெரியுதும்மான்னு ஸ்பீடு சிரிச்சான். அவங்க சிரிக்கல. செவுத்துக் கடிகாரத்தப் பாத்து நானே மூணு தடவ எண்ணிட்டேன், மூணு தடவையும் முப்பத்திநாலு வருதுன்னாங்க. நீ மட்டும் என் வண்டிக்கு செக்கரா வந்திருந்தா ஒரே நாள்ல சீட்டக் கிழிச்சிருப்பாங்கன்னாங்க. அவன் டிராலிய அடுத்த பெட்டுக்குத் தள்ளிட்டான். நான் நகரப் போனேன். என் மணிக்கட்டப் புடிச்சாங்க. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"தம்பி, நீயாவது எழுது. ஆள எண்ணாம நான் ஒரு நாளும் வண்டிய எடுக்க விட்டதில்ல."

நான் அவங்க நெஞ்சப் பாத்தேன். கழுத்துக்குக் கீழ குழி விழுந்து விழுந்து எழும்புச்சு. எண்ணத் தேவையே இல்ல. பதினெட்டு இல்லன்னு எனக்கு அந்த ஒரு நொடியிலயே தெரிஞ்சுச்சு.

ஸ்பீடு திரும்பிப் பாத்து சொன்னான், "வேன் போயிடும்டா."

நான் கைய உருவிக்கிட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் ஆறு அம்பதுக்கு அவங்க போயிட்டாங்க. அப்ப நாங்க ரூம்ல சாப்பிட்டுட்டு இருந்தோம். மறுநாள் பெரிய சிஸ்டர், அவங்கதான் வார்டு இன்சார்ஜ், பச்சையில இருந்தவங்களுக்கு திடீர்னு எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. ஸ்பீடு, ஜோசியர் சொன்னாதான் எங்களுக்கே தெரியும் சிஸ்டர்னான். நான் டிராலிய அடுத்த பெட்டுக்குத் தள்ளினேன்.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுச்சு.

மொதல்ல டேப். ஒருத்தர் போயிட்டா அவங்க பேர லிஸ்டுல இருந்து எடுத்துடுவாங்க. எடுத்துட்டாங்க. ஆனா நாலு பன்னெண்டு ஆச்சுன்னா பதினோராம் பெட் பக்கம் தானா தெறந்துக்கும். பேரு இருக்காது. வயசு இருக்காது. மூச்சுங்கற எடத்துல மட்டும் ஒரு சின்ன கோடு மினுக்கு மினுக்குன்னு மினுக்கிட்டு நிக்கும். யாராவது நம்பர் அடிப்பாங்களான்னு காத்துட்டு இருக்கற மாதிரி. கம்ப்யூட்டர் ஆள் வந்து பாத்துட்டு, ஏதோ கோளாறு, அடுத்த வாரம் சரி பண்றேன்னுட்டுப் போனான்.

பதினோராம் பெட் காலியாத்தான் கெடந்துச்சு. அவங்க போன நாலாவது நாள் பத்தாம் பெட்ல இருந்த வெல்டர் என்னைக் கூப்பிட்டு, தனக்கு வேற பெட் வேணும்னார். பக்கத்துல ஒரு பொம்பள ஓயாம எண்ணிட்டே இருக்கு, தூங்க முடியலன்னார். பக்கத்து பெட் காலி அண்ணே, ஜொர வேகத்துல அப்படித் தோணுதுன்னேன். அவர் என்ன மொறச்சுப் பாத்தார். எனக்கு ஜொரம் எறங்கி ரெண்டு நாளாச்சுன்னார்.

எத்தன வரைக்கும் எண்ணுதுன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியல.

"முப்பத்திநாலு. அப்புறம் மறுபடி ஒண்ணுல இருந்து."

அந்த நம்பர நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஸ்பீடும் சொல்லியிருக்க மாட்டான். வெல்டர் வந்து சேந்ததே அவங்க போன மறுநாள்தான்.

ஏழாவது நாள் நானே கேட்டேன். சாயங்காலம் நாலு பன்னெண்டு. பத்தாம் பெட்டுக்கும் பன்னெண்டாம் பெட்டுக்கும் நடுவுல நிக்கறேன். டக்... டக்... டக்... பேனா முனையால கட்டில் கம்பியத் தட்டற சத்தம். பஸ்ல ஆள எண்ணிக்கிட்டே கம்பியத் தட்டிட்டு வருவாங்களே, அந்த மாதிரி. ஒரு சீரா. அவசரமே இல்லாம.

ஸ்பீடுகிட்ட சொன்னேன். மண்ட கொழம்பிப் போச்சாடான்னு கேட்டான். ஆனா அன்னைக்கு ராத்திரி அவன் சரியா சாப்பிடல. மறுநாள்ல இருந்து அவன் ரவுண்டு போனா ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு முழு நிமிஷம் நின்னு எண்ண ஆரம்பிச்சான். ரெண்டு நாள் வேன விட்டுட்டு நடந்தே வந்தோம்.

பத்தாவது நாள் அவனுக்கு இருமல்.

பதிமூணாவது நாள் காலைல அவனால மாடிப்படி எறங்க முடியல. நான்தான் தாங்கிக் கூட்டிட்டுப் போய் சேத்தேன். வார்டுல அன்னைக்குக் காலியா இருந்தது ஒரே ஒரு பெட்.

பெரிய சிஸ்டர்கிட்ட வேற எங்கயாவது போடுங்கன்னு கெஞ்சினேன். ஏன்னு கேட்டாங்க. ஸ்பீடே அந்தக் கட்டில்ல ஏறிப் படுத்துக்கிட்டான். "விடுடா. வேற எங்க படுத்தாலும் இதேதான்"னான்.

மறுநாள் நாலு மணி ரவுண்டு. நான் வேற யாரையும் கூட்டிக்கல. நேரா பதினோராம் பெட்டுக்குப் போனேன். மணி நாலு பன்னெண்டு.

கிளிப் தொண்ணூத்தி நாலு.

ஜொரம் கம்மி.

கடிகாரத்தப் பாத்து எண்ணினேன். முழு நிமிஷம். முப்பத்திநாலு.

டேப்ல மூணு அடிச்சேன். நாலு அடிச்சேன். ஸ்க்ரீன்ல வந்தது... பதினெட்டு.

அழிச்சேன். மறுபடி அடிச்சேன். பதினெட்டு.

மேல பச்சை எரிஞ்சுச்சு.

பெரிய சிஸ்டர கூப்பிட்டேன். அவங்களே எண்ணினாங்க. மொகம் மாறுச்சு. அவங்களே டேப்ப வாங்கி அடிச்சாங்க. பதினெட்டு. வேற டேப் எடுத்துட்டு வந்து அடிச்சாங்க. அதுலயும் பதினெட்டு. மேல் மாடி டாக்டருக்கு ஃபோன் பண்ணாங்க. முப்பத்திநாலு சார், நானே எண்ணினேன் சார்னாங்க. அவர் தன் ஸ்க்ரீனப் பாத்து, எனக்கு இங்க பச்சைன்னு காட்டுது, எட்டு பெட்லயும் செவப்பு படுத்திருக்கு, யாரை எறக்கட்டும் சிஸ்டர்னு கேட்டாராம். முடிச்சுட்டு வந்து பாக்கறேன்னாராம்.

மணி நாலு நாப்பது. வரல.

அஞ்சு மணி. வரல. சிஸ்டர் மறுபடி ஃபோன் பண்ணாங்க. யாரும் எடுக்கல. தானே மேல போய் கூட்டிட்டு வர்றேன்னு படியேறிப் போனாங்க.

நான் ஸ்பீடு கையப் புடிச்சுட்டு உக்காந்தேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு. அவன் என்னைப் பாக்கல. கால்மாட்டையே பாத்துட்டு இருந்தான்.

"உக்காந்திருக்குடா" ன்னான்.

அங்க யாரும் இல்ல. ஆனா மெத்த அந்த எடத்துல அமுங்கியிருந்துச்சு.

டக்...

டக்...

அவன் நெஞ்சு எழும்பற ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு.

டக்...

அந்தக் கால்மாட்டப் பாத்துப் பேசினேன். அம்மா, இவன் அதுக்கப்புறம் எல்லாரையும் எண்ணினாம்மா. வேன விட்டுட்டு எண்ணினான். இவன விட்டுடுங்க. இந்த ஊர்ல எனக்கு வேற யாரும் இல்ல. இப்படித்தான் சொன்னேன். வார்டுல நாலஞ்சு பேர் திரும்பிப் பாத்தாங்க.

தட்டற சத்தம் நின்னுச்சு.

விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்.

காதுக்குப் பக்கத்துல மூச்சு. சூடா இல்ல.

"அஞ்சு பத்துக்குத்தானே தம்பி வேனு? கெளம்பு, நேரமாச்சு."

கடிகாரத்தப் பாத்தேன். அஞ்சு அஞ்சு.

நான் கெளம்பல.

டக்... டக்... டக்...

ஆறு மணி. ஆறேகால். தட்டு வேகமாச்சு. அவன் மூச்சும்.

ஆறு நாப்பது. தட்டு மெதுவாச்சு. அவன் மூச்சும்.

ஆறு நாப்பத்தஞ்சு.

டக்...

ஆறு நாப்பத்தெட்டு.

டக்...

ஆறு அம்பது.

அப்புறம் ஒண்ணும் கேக்கல.

டேப் என் மடியில இருந்துச்சு. ஆறு அம்பத்தொண்ணுக்கு அதுல பதினெட்டு தானா அழிஞ்சு, முப்பத்திநாலுன்னு வந்துச்சு. ஸ்க்ரீன் செவப்பாச்சு. அலாரம் அடிச்சுச்சு. ஆறு அம்பத்தஞ்சுக்கு டாக்டர் ஓடி வந்தார். பின்னாடியே பெரிய சிஸ்டர். மேல லிஃப்டும் திறக்கலயாம், படிக்கட்டுக் கதவும் திறக்கலயாம். ஒன்றரை மணி நேரமா தட்டிட்டு இருந்திருக்காங்க. கீழ யாருக்கும் கேக்கல.

மெத்த நேரா இருந்துச்சு. அமுங்கின தடம் இல்ல.

அந்த மாசமே நான் வேலைய விட்டுட்டேன். வேற ஒரு எடத்துல குடோன்ல வேல கெடைச்சுச்சு. ரூம் மாத்திக்கிட்டேன். தனியாத்தான் இருக்கேன். அவனோட சட்டைங்க ரெண்டு என் பெட்டியில இருக்கு, அனுப்ப அட்ரஸ் தெரியல. கண்டக்டரம்மாவுக்கு வேண்டியது கெடச்சுடுச்சு, அடிச்சது அவன்தானே, நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதானேன்னு என்னையே சமாதானம் பண்ணிட்டு நாள ஓட்டிட்டு இருந்தேன்.

போன செவ்வாக்கெழம பெரிய சிஸ்டர் ஃபோன் பண்ணாங்க. ஆஸ்பத்திரியில விசாரண நடக்குதாம். அந்த சீசன்ல பச்சையில இருந்து செத்தவங்க யார் யார்னு எடுத்திருக்காங்க. ஒம்பது பேர். ஒம்பது பேருக்கும் மூச்சு பதினெட்டு. டேப்ல யார் யார் ஐடியில போட்டதுன்னும் வந்திருக்கு. ஸ்பீடு ஐடியில கண்டக்டரம்மா. மத்த ஏழும் வேற வேற ஆளுங்க போட்டது. போட்டவங்கள்ல மூணு பேர் இப்ப உசுரோட இல்லன்னாங்க.

ஒண்ணு கொறையுதே சிஸ்டர்னேன்.

அதையும் சொன்னாங்க. இருபத்திமூணாம் பெட். ஒரு வாட்ச்மேன். கண்டக்டரம்மா வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. என் ஐடி.

எனக்கு அந்த ஆள் மொகமே ஞாபகம் இல்ல. கண்ண மூடி மூடி நெனச்சுப் பாத்தேன். வரவே இல்ல.

"உனக்கு ஞாபகம் இருக்காது. அவருக்கு இருந்துச்சு" ன்னாங்க சிஸ்டர். அன்னைக்கு நான் வேனுக்குப் போனப்புறம் அவர் சிஸ்டர கூப்பிட்டு, இப்ப வந்துட்டுப் போன தம்பி பேரு என்னன்னு கேட்டாராம். தயவா பாத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்லப் போறார்னு நெனச்சு இவங்களும் சொல்லியிருக்காங்க. எந்த ஊருன்னு கேட்டாராம். அதையும் சொல்லியிருக்காங்க. வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேட்டாராம்.

"அம்மா இருக்காங்கன்னு சொன்னேன்பா."

ஃபோன வெச்சவொடனே வீட்டுக்கு அடிச்சேன். அம்மாதான் எடுத்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க. சாப்பிட்டியா, எளச்சுட்டியான்னு எல்லாம் கேட்டாங்க. யாராவது வந்தாங்களாம்மான்னு கேட்டேன்.

"ஆமா கண்ணு, சொல்லணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் உன்கூட வேல பாத்தவர்னு ஒருத்தர் வந்தாரு. காக்கிச் சட்ட. ரொம்ப மூச்சு வாங்குச்சு அவருக்கு. உள்ள வாங்க, தண்ணி குடிங்கன்னேன். வரல. வாசல்லயே நின்னு என் நெஞ்சையே பாத்துட்டு, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தாரு. ஒரு நிமிஷம் இருக்கும். போயிட்டாரு."

அம்மா இருமினாங்க.

சளிதான், ஒண்ணுமில்லன்னாங்க.

இன்னைக்கு காலைல அக்கா ஃபோன் பண்ணா. அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்தாச்சாம். எனக்கு ஊருக்குப் போக டிக்கெட் சனிக்கெழமதான் கெடச்சிருக்கு. பயப்படாத, ஆக்சிஜன் தொண்ணூத்தி நாலு இருக்கு, எல்லாம் நார்மல்னு வார்டு பையன் எழுதிட்டுப் போனான்னு சொன்னா.

அவன் எவ்வளவு நேரம் நின்னான்னு கேட்டேன்.

யாருன்னு கேட்டா.

அந்த வார்டு பையன். அம்மா பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னான்?

"எங்க நின்னான்? வந்தான், போனான்" னா அக்கா.